ஒரு பந்தும் வீசாத பந்துவீச்சாளர்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், அமெரிக்க பேஸ்போலின் உச்சநிலைப் போட்டிகளான மேஜர் லீக்கின் பதிவேட்டில் ஒரு பந்துகூட வீசாமல் இடம்பெற்ற பந்துவீச்சாளர் ஒருவர் இருக்கிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு முள்ளியவளையிலிருந்தும் நெடுங்கேணியிலிருந்தும் அக்கராயனிலிருந்தும் வந்த கடிதங்கள் மேசையில் சேர்ந்துவிட்டன. மற்றக் கேள்விகளை அனுப்பியோர் பொறுத்தருள வேண்டும். இந்த இதழின் பக்கங்களை இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, ஒரு பந்தும் வீசாதவரை எப்படிப் பந்துவீச்சாளர் என்று பதிந்தார்கள்? அவர் யார்? வகுப்பில் இதைச் சொன்னபோது என் மாணவர்களில் ஒருவரும் நம்பவில்லை.
(ஆசிரியர் ஒருவர், முள்ளியவளை)

பதில்: அவருடைய பெயர் லரி யவுன்ட். 1950ஆம் ஆண்டு பிறந்தவர். கலிபோர்னியாவில் பாடசாலை முடித்த கையோடு, 1968இல் ஹியூஸ்டன் அஸ்ட்ரோஸ் கழகம் அவரைத் தெரிவுசெய்தது. அங்கே பாடசாலையிலிருந்து நேராக மேஜர் லீக் மைதானத்துக்குப் போவது மிக அரிது. கோட்டமட்டம், வலயமட்டம், மாகாணமட்டம் என்று நமது பிள்ளைகள் படியேறுவதைப் போல, கழகத்தின் கீழ்நிலை அணிகளில் ஆண்டுக்கணக்கில் விளையாடித்தான் மேலே வர வேண்டும். வலக்கை வீச்சாளரான யவுன்ட் அப்படித்தான் ஏறிவந்தார். செப்டெம்பர் மாதம் தொடங்கியதும் 25 பேர் கொண்ட அணியை 40 பேர் வரை பெருக்கிக்கொள்ளலாம் என்பது அக்காலத்து விதி. 1971 செப்டெம்பரில் அவருக்கு அழைப்பு வந்தது அந்த வழியாகத்தான். அப்போது அவருக்கு வயது 21.

1971 செப்டெம்பர் 15ஆம் திகதி, ஹியூஸ்டன் நகரின் கூரையிட்ட அஸ்ட்ரோடோம் அரங்கில் அட்லாண்டா பிரேவ்ஸ் அணியுடன் ஆட்டம் நடந்தது. ஹியூஸ்டன் பின்தங்கியிருந்த நிலையில், ஒன்பதாவது இன்னிங்ஸை (பேஸ்போல் ஆட்டத்தில் வழக்கமாக அதுவே கடைசிச் சுற்று) வீசுவதற்கு யவுன்டைத் தயாராகும்படி சொன்னார்கள். அதற்கு முந்திய நாட்களில் அவர் இராணுவத் துணைப்படைப் பயிற்சிக்குப் போயிருந்ததால், வழக்கம்போல் பந்து எறிந்து கையைப் பழக்கத்தில் வைத்திருக்க முடியவில்லை. மைதான ஓரத்தில் நின்று கையைச் சூடாக்கும்போதே முழங்கையில் நோ எழும்பிவிட்டது. கன்னி ஆட்டம், அதுவும் சொந்த மைதானம். நடுவே போய் நின்றால் பரபரப்பில் நோ மறைந்துவிடும் என்று எண்ணி ஓடிப்போய் வீச்சு மேட்டில் ஏறினார். நோ மறையவில்லை. அனுமதிக்கப்பட்ட முன்னோட்டப் பந்துகளில் சிலவற்றை எறிந்து பார்த்துவிட்டு, முடியாது என்று சொல்லித் திரும்பிவிட்டார். அவருக்குப் பதிலாக வேறொருவர் வந்து வீசினார்.

இனி ஆசிரியருடைய கேள்விக்கு வருகிறேன். மாற்று வீச்சாளரின் பெயர் நடுவரிடம் சொல்லப்பட்டு அறிவிக்கப்பட்டுவிட்டால், அவர் அந்த ஆட்டத்துக்குள் வந்துவிட்டார் என்பது பேஸ்போலின் சட்டம். அப்படி வந்தவர் குறைந்தது ஒரு துடுப்பாட்டக்காரருக்காவது வீசி முடிக்க வேண்டும். 2020ஆம் ஆண்டு முதல் அது மூவர் என்று ஆக்கப்பட்டிருக்கிறது. காயமடைந்து வீச இயலாதவர் என்று நடுவர் ஏற்றுக்கொண்டால் விலக்கு உண்டு. யவுன்ட் அந்த விலக்கின்படி வெளியேறினார். ஆனால் ஆட்டத்துக்குள் வந்தது வந்ததுதான். நாணயச் சுழற்சி முடிந்த பிறகு மழை கொட்டி ஒரு பந்தும் வீசப்படாமல் கைவிடப்பட்ட துடுப்பாட்ட (கிரிக்கெட்) போட்டியும், பதினொருவருடைய கணக்கிலும் ஒரு போட்டியாகச் சேர்வதைத் தங்கள் மாணவர்களுக்கு உதாரணமாகச் சொல்லலாம்; அவர்களுக்கு உடனே விளங்கிவிடும்.

அந்தப் பருவத்தின் எஞ்சிய நாட்களில் அவரை மறுபடி அழைக்கவில்லை. அடுத்த ஆண்டின் வசந்தகாலப் பயிற்சி முகாமுக்குப் போனார். அணியில் இடம் கிடைக்கவில்லை. பிறகும் சில ஆண்டுகள் கீழ்நிலை அணிகளில் வீசிப் பார்த்துவிட்டு விளையாட்டிலிருந்து ஒதுங்கினார். மேஜர் லீக்கின் நெடிய வரலாற்றில், வீச்சாளராகப் பதிவுபெற்றும் தம் வாழ்நாளில் ஒரு துடுப்பாட்டக்காரரைக்கூட எதிர்கொள்ளாதவர் அவர் ஒருவரே.

அவரைப் பரிதாபத்துக்குரிய ஒரு விநோதமாகவே பலரும் எழுதிவருகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, சிறுவயது முதல் கனவு கண்ட இடத்தில் நின்றுகொண்டு, கை நோகிறது என்று வாய்திறந்து சொல்ல 21 வயதில் எத்தனை பேருக்கு மனம் வரும்? அன்று அவர் சொன்னது சரி என்பதே என் துணிபு. அதற்குரிய காரணம் பின்னால் வரும் பதில்களில் இருக்கிறது.

கேள்வி: ஐயா, நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் கற்கிறேன். பேஸ்போல் வீச்சாளர்களுக்கும் சராசரி உண்டென்று அறிந்தேன். யவுன்டின் சராசரி என்னவாக எழுதப்பட்டிருக்கிறது?
(மாணவன், வவுனியா)

பதில்: நல்ல கேள்வி, தம்பி. வீச்சாளர் தம்முடைய பொறுப்பில் விட்டுக்கொடுத்த ஓட்டங்களை ஒன்பதால் பெருக்கி, அவர் வீசிய இன்னிங்ஸ்களால் வகுத்தால் வருவதே அந்தச் சராசரி. ஒருவரையும் ஆட்டமிழக்கச் செய்யாமல் ஓட்டங்களை மட்டும் விட்டுக்கொடுத்தவருக்குத் தொகுதியில் ஓர் எண்ணும் பகுதியில் பூச்சியமும் வரும்; அப்படிப்பட்ட சிலருக்கு முடிவிலிக் குறியீடே போடப்பட்டிருக்கிறது. யவுன்டுக்குத் தொகுதியும் பூச்சியம், பகுதியும் பூச்சியம். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுப்பதற்கு வரைவிலக்கணம் இல்லை என்று உங்கள் ஆசிரியர் சொல்லித் தந்திருப்பார். ஆட்டங்கள் 1 என்று எழுதிய வரியில், சராசரிக்குரிய இடத்துக்கு எண் கிடையாது.

கேள்வி: நாங்கள் ஊர்க் கழகத்தில் எல்லே விளையாடுகிறோம். அதில் அடிப்பவருக்குத்தான் பேர்; பந்து போடுபவரை யாரும் பெரிதாகக் கொள்வதில்லை. பேஸ்போலில் மட்டும் வீச்சாளருக்கு ஏன் இத்தனை மதிப்பு?
(இளைஞர் கழக உறுப்பினர், நெடுங்கேணி)

பதில்: எல்லேயில் அடிப்பதற்கு மூன்று வாய்ப்புகள் கொடுத்து, அடித்துவிட்டு ஓடுவதையே ஆட்டத்தின் அழகாக வைத்திருக்கிறோம். பேஸ்போலில் பந்து வருவதே அடிபடாமல் போவதற்காக. 60 அடி 6 அங்குல தூரத்திலிருந்து, பத்து அங்குல உயரமான மண்மேட்டில் நின்று, 142 முதல் 149 கிராம் வரை நிறையுள்ள கடினமான பந்தை வீச்சாளர் எறிகிறார். நமது கடினப்பந்தைவிட அது சற்றே இலேசானது. துடுப்பாட்டத்தில் ஓவருக்கு ஓவர் வீச்சாளர் மாறுவார், களைத்தவர் எல்லைக்கோட்டருகே போய் நின்று ஆறி மறுபடி வரலாம். பேஸ்போலில் ஒருவரே தொடர்ந்து வீசுகிறார். மாற்றி வெளியே அனுப்பப்பட்டவர் அந்த ஆட்டத்துக்குள் திரும்பி வரவே முடியாது. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள் இருப்பதால், தொடக்க வீச்சாளர்களுக்கு நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை என்று முறை வைத்திருக்கிறார்கள். கை அதற்கு மேல் தாங்காது.

கேள்வி: குறுகிய காலமே விளையாடினாலும் திறமையை நிரூபித்துக் காட்டிய வீச்சாளர்கள் இருந்திருக்கிறார்களா?
(வாசகி, கிளிநொச்சி)

பதில்: இருந்திருக்கிறார்கள். முதலில் நினைவுக்கு வருபவர் கார்ல் ஸ்பூனர் என்ற இடக்கை வீச்சாளர். 1954 செப்டெம்பர் 22ஆம் திகதி, புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணிக்காக நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணியுடன் விளையாடிய தமது கன்னி ஆட்டத்தில், ஓர் ஓட்டமும் கொடுக்காமல் 15 பேரை மூன்று ஸ்ட்ரைக்கில் (அடிக்க வேண்டிய பந்தை மூன்று முறை தவறவிட்டால் துடுப்பாட்டக்காரர் ஆட்டமிழப்பார்) வெளியேற்றினார். கன்னி ஆட்டத்தில் அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை அது. நான்கு நாட்கள் கழித்து பிட்ஸ்பேர்க் பைரேட்ஸுடன் இரண்டாவது ஆட்டம். அதிலும் எதிரணிக்கு ஓட்டம் இல்லை, 12 பேர் வெளியேறினார்கள். இரண்டே ஆட்டங்களில் 27 பேர்! அத்துடன் அந்தப் பருவம் முடிந்துவிட்டது.

அடுத்த வசந்தகாலப் பயிற்சி ஆட்டமொன்றில், எதிர்பார்த்ததற்கு முன்பே அவரை வீச அழைத்தார்கள். கை நன்றாகச் சூடேறுவதற்கு முன் அவசரப்பட்டு முழு வேகத்தில் எறிந்ததால் தோளில் ஏதோ அறுந்ததுபோல் இருந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தத் தோளோடுதான் 1955ஆம் ஆண்டு முழுவதும் விளையாடினார். அவ்வாண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி, பருவத்தின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் யாங்கீஸ் அணிக்கு எதிராக அவரைத் தொடக்க வீச்சாளராக இறக்கினார்கள். ஒருவரை மட்டுமே ஆட்டமிழக்கச் செய்த நிலையில் ஐந்து ஓட்டங்கள் போய்விட்டன. அவரை வெளியே அழைத்துவிட்டார்கள். அடுத்த நாள் அவருடைய அணி உலகத் தொடரை வென்று, புரூக்ளின் நகரம் திருவிழாக் கொண்டது. ஸ்பூனர் மேஜர் லீக்கில் மறுபடி வீசவேயில்லை. மொத்தம் 31 ஆட்டங்கள், பத்து வெற்றி, ஆறு தோல்வி (பேஸ்போலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வி வீச்சாளர் பெயரிலும் பதியப்படும்). அவருக்கு அப்போது வயது 24.

ஸ்பூனரின் அந்த 15 என்ற எண்ணை 17 ஆண்டுகள் கழித்து ஒருவர் தொட்டார். அது 1971 செப்டெம்பர் 5ஆம் திகதி. தொட்டவர் ஹியூஸ்டன் அஸ்ட்ரோஸ் அணியின் ஜே. ஆர். ரிச்சர்ட். மேலே சொன்ன யவுன்டின் அதே அணி, அதே மாதம், பத்து நாட்கள் முன்னதாக! ஒரே செப்டெம்பரில் ஓர் அணியில் இரண்டு இளைஞர்கள் முதன்முதலாக மேட்டில் ஏறியிருக்கிறார்கள்: ஒருவர் 15 பேரை வெளியேற்றிப் பெயர்பெற்றார், மற்றவர் ஒரு பந்தும் வீசாமல் இறங்கினார். இந்த இரு பெயர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, இதை எழுதாமல் விடுவது சரியில்லை என்று பட்டது.

ரிச்சர்டின் காலம் குறுகியது என்று சொல்ல முடியாது. ஆனால் உச்சத்தில் அறுபட்டது. ஆறடி எட்டங்குல உயரம் கொண்ட அவர் 1978இல் 303 பேரையும் 1979இல் 313 பேரையும் மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார். 1980ஆம் ஆண்டு, பத்து ஆட்டங்களை வென்று, சிறந்த வீரர்கள் தெரிவாகி மோதும் நட்சத்திர ஆட்டத்தின் தொடக்க வீச்சாளராகவும் நின்ற அதே பருவத்தில், கை மரத்துப் போகிறது, சோர்வாக இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சோம்பேறி என்றார்கள், பாசாங்கு என்றார்கள், செய்தித்தாள்களிலும் எழுதினார்கள். மருத்துவப் பரிசோதனையில் இரத்தக்குழாயில் அடைப்பு இருப்பது தெரியவந்த பின்னரும் இலேசான பயிற்சிக்கு விட்டார்கள். ஜூலை 30ஆம் திகதி, அஸ்ட்ரோடோமில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோதே பக்கவாதம் தாக்கி விழுந்தார். உயிர் பிழைத்தது, வீச்சு பிழைக்கவில்லை. 30 வயதில் எல்லாம் முடிந்தது. பின்னர் வறுமைப்பட்டு, தாம் கொடிகட்டிப் பறந்த அதே நகரத்தில் பாலத்தின் கீழ் படுத்துறங்கும் நிலைக்கும் வந்தார். 2021இல் காலமானார்.

மார்க் பிட்ரிச்சையும் சொல்லாமல் விட முடியாது. 1976இல் டிட்ரொய்ட் டைகர்ஸ் அணியில் தோன்றிய 21 வயதுப் பையன். வீச்சு மேட்டின் மண்ணில் முழங்காலிட்டுக் கையால் தடவிச் சமப்படுத்துவான், பந்தோடு பேசுவான் என்பதற்காகவே சனம் திரண்டது. 19 வெற்றிகள், தொடங்கிய 29 ஆட்டங்களில் 24ஐ அவரே இறுதிவரை வீசி முடித்தார். அறிமுகப் பருவத்தில் நிற்கும் பிள்ளையின் தோளில் அவ்வளவு சுமையை ஏற்றியிருக்கக் கூடாது என்பது என் கருத்து. அடுத்த ஆண்டே முழங்காலும் தோளும் கெட்டன. மொத்தம் 58 ஆட்டங்களோடு 1980இல் நின்றுபோனது. தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநார் கிழிந்திருப்பதை ஒரு வைத்தியர் கண்டுபிடித்துச் சொன்னது 1985இல்.

கேள்வி: ஐயா வணக்கம். என் மகனுக்கு 15 வயது. முதலில் மென்பந்தில் வேகமாகப் போடுவான். இப்போது பாடசாலைக் கடினப்பந்து அணியில் இருக்கிறான். எறிந்தால் முழங்கையின் உட்பக்கம் நோகிறது என்கிறான். வலயப் போட்டி முடியும்வரை எண்ணெய் போட்டு உருவிச் சமாளிக்கும்படி சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?
(தாய் ஒருவர், அக்கராயன்)

பதில்: அம்மா, போட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கிழமையே வைத்தியசாலையில் என்பியல் நிபுணரிடம் காட்டுங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை மகன் பந்தும் எறிய வேண்டாம், எல்லைக்கோட்டிலிருந்து கையால் வீசித் திருப்பி அனுப்பவும் வேண்டாம். நான் வைத்தியன் அல்லன். ஆயினும் இந்த விளையாட்டுகளை நெடுங்காலம் பின்தொடர்ந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

துடுப்பாட்டத்தில் விதிப்படி கையை நீட்டியே பந்து போடுவதால், வேகப்பந்து வீச்சாளரின் பாரம் பெரும்பாலும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் விழுகிறது. பேஸ்போல் வீச்சாளரோ முழங்கையை மடக்கிச் சுழற்றி எறிவதால், முழங்கையின் உட்பக்கத்தில் மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிணைக்கும் தசைநார் ஒவ்வொரு பந்துக்கும் இழுபடுகிறது. எங்களூரில் சவ்வு கிழிந்துவிட்டது என்று சொல்வது இவ்வகைக் காயத்தைத்தான். களத்தடுப்பில் நின்று தூர எறிகிற பிள்ளைகளுக்கும் அதே இழுவை உண்டு. வளரும் வயதில் இன்னோர் ஆபத்து இருக்கிறது: எலும்பு நுனியில் வளர்ச்சி நடக்கும் பகுதி தசைநாரைவிட மென்மையாக இருப்பதால் முதலில் அதுவே பாதிக்கப்படலாம். எண்ணெய் போட்டு உருவுவது அந்த இடத்துக்கு மேலும் கேடாகலாம். முறிவு நெரிவு வைத்தியர்களின் கைராசியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் உள்ளே நடந்திருப்பதை முதலில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

கிழிந்த தசைநாருக்கு இன்று சத்திரசிகிச்சை உண்டு. 1974 செப்டெம்பர் 25ஆம் திகதி வைத்தியர் பிராங்க் ஜோப், டொமி ஜோன் என்ற இடக்கை வீச்சாளரின் வலது மணிக்கட்டிலிருந்து நாண் ஒன்றை எடுத்து, இடது முழங்கையில் தைத்தார். டொமி ஜோன் 1975ஆம் ஆண்டு முழுவதும் விளையாடாமல் இருந்து, 1976இல் திரும்பி வந்து, அதன் பின் மட்டும் 164 வெற்றிகள் பெற்றார். அதைக் காட்டிப் பிள்ளைகளை எறியவிடுவது பெரும் பிழை. அமெரிக்காவிலேயே இதை உணர்ந்து, 15, 16 வயதினர் ஒரு நாளில் 95 பந்துகளுக்கு மேல் வீசக் கூடாது, 11, 12 வயதினர் 85க்கு மேல் போகக் கூடாது, நிறைய வீசிய பிள்ளைக்கு நான்கு நாட்களாவது ஓய்வு வேண்டும் என்று வழிகாட்டல் வகுத்திருக்கிறார்கள். நமது பிள்ளைகளோ காலையில் பாடசாலைப் பயிற்சி, மாலையில் அரிவுவெட்டு முடிந்த வயலில் மென்பந்து, ஞாயிற்றுக்கிழமை கழகச் சுற்றுப்போட்டி என்று எண்ணிக்கையே இல்லாமல் எறிகிறார்கள். ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். எத்தனை பந்து என்று கண்டால் நீங்களே திடுக்கிடுவீர்கள்.

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. பாடசாலை நாட்களில், வலயமட்டப் போட்டிக்கு முதல்நாள் தோள் நோவை மறைத்துவிட்டேன். சொன்னால் அணியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்ற பயம். பொறுப்பாக இருந்தவர் ஒரு தடவையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அவர் கேட்கவில்லை. அன்று மூன்று விக்கெட் எடுத்தேன். மாமரத்துக்குக் கல்லெறியக்கூட இன்றுவரை அந்தக் கை உயர்வதில்லை. உங்கள் மகன் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான், அம்மா. அவனை நம்புங்கள், பயிற்றுநரிடமும் அவன் முன்னிலையிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: யவுன்டின் தம்பியும் பெரிய வீரர் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
(கடை உரிமையாளர், மாங்குளம்)

பதில்: உண்மை. 1974 மார்ச்சில் ஹியூஸ்டன் கழகம் லரியை மில்வோக்கி புரூவர்ஸ் கழகத்துக்கு மாற்றியது. அடுத்த மாதம் அந்தக் கழகத்தின் பருவத் தொடக்க ஆட்டத்தில் களமிறங்கியவர் அவருடைய தம்பி, 18 வயது றொபின் யவுன்ட். அண்ணன் கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டார். றொபின் அந்த ஒரே கழகத்துக்காக 20 பருவங்களில் 2,856 ஆட்டங்கள் விளையாடி, 3,142 வெற்றியடிகள் (அடித்துவிட்டுத் தளத்தைப் பத்திரமாக அடைந்தவை) குவித்து, 1982இலும் 1989இலும் தமது லீக்கின் ஆண்டின் சிறந்த வீரராகத் தெரிவாகி, 1999இல் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். லரி பின்னர் அரிசோனாவில் நிலம், கட்டட முதலீட்டுத் துறையில் முன்னேறியதோடு, தம்பியின் ஒப்பந்த விடயங்களையும் தாமே கவனித்துக்கொண்டார். கழகத்தோடு பேரம் பேசும் மேசையில் றொபினுக்காகப் போய் அமர்ந்தவர் அந்த அண்ணன்தான்.